வெள்ளைத் தட்டு

மாதகலிலிருந்து முக்கால் மணித்தியாலம்.
எஞ்சினை நிப்பாட்டியதும்
கடல் தன் சத்தத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டது.
பத்துக்கு முன்னும் இரண்டுக்குப் பின்னும்
அளக்கக் கூடாதென்பது விதி.
படகின் நிழல் விழும் பக்கம் இருந்து,
கறுப்புக் கண்ணாடி கழற்றி.

என் தட்டு பழைய சட்டி மூடி.
நாலாகப் பிரித்து
வெள்ளை கறுப்பு வெள்ளை கறுப்பென்று எனாமல் பூசியது.
அடியில் ஈயக்குண்டு.
கயிற்றில் அரை மீற்றருக்கு ஒரு முடிச்சு.

முதல் முடிச்சில் அது தட்டு.
நாலாவதில்
யாரோ தின்னாமல் விட்ட தோசை.
ஏழாவதில்
இருக்கிறதென்று கண் சொல்கிறது,
இல்லையென்று நான்.

"எத்தினை?" அணியத்திலிருந்து சந்தியோகு அண்ணை.
"மூண்டரை மீற்றர்."
"ரெண்டு பாகம்," தனக்குத் தானே சொல்லிக்கொள்கிறார்.
"போன மாசம்?"
"ஆறு."
பீடி பிடித்த கையாலேயே மேற்கைக் காட்டுகிறார்.
இரவு வந்த இழுவைப் படகுகள்
அடியைக் கிண்டி மேலே விட்டுப் போயிருக்கின்றன.
வெயில் இறங்குகிற வழியில் சேறு
சப்பாணி கட்டி இருக்கிறது.

வெயில் எட்டுமட்டும்தான் இந்தக் கடலில் உலை கொதிக்கும்.
கண்ணுக்கு அகப்படாத பச்சைத் துணுக்குகள் சமைக்க
சூடை தின்னும், சூடையைப் பாரை,
பாரையை மாதகல்.
அதற்குக் கீழே இருப்பதெல்லாம்
மேலிருந்து விழும் மிச்சத்தைப் பார்த்திருப்பவை.

படிவத்தில் இரண்டு பெட்டி.
கொழும்பில் யாரோ தமிழாக்கி அனுப்பியது.
தட்டு காணாமற்போன ஆழம்.
தட்டு திரும்பத் தெரிந்த ஆழம்.
வாசித்துக் காட்டினேன்.
அண்ணை பீடியைப் பலகையில் அழுத்தி நூர்த்தார்.
"அந்த முதற் சொல்லை மாத்து, பிள்ளை."
வெட்டிவிட்டு, மறைந்த, என்று எழுதினேன்.
ஏனென்று அவர் சொல்லவில்லை.
நான் கேட்கவுமில்லை.

இன்னும் மூன்று முடிச்சு இறக்கிவிட்டு
மெல்ல இழுக்க வேண்டும் இனி.
"விடு, நான் இழுக்கிறன்."
கயிறு அவர் கையில் சொட்டுச் சொட்டாய் ஏறியது.
குனிந்தார், மூக்கு நனையும் அளவுக்கு.
"பொறு. இந்தா."
"எனக்குத் தெரியேல்லையே, அண்ணை."
"எனக்குத் தெரியுது."

எட்டாம் முடிச்சு.
எனக்கு மறைந்த இடத்துக்கும் கீழே.

ஒரே கண்தான் இரண்டையும் பார்க்க வேண்டுமென்பதும் விதி.
அவர் சொன்ன எண்ணை எழுதினேன்.