வேலைச்சீட்டு 2217

செவ்வாய்க்கிழமை அந்த வீட்டுக்கு விடுமுறை.
அதனால்தான் எனக்கு உள்ளே அனுமதி.

முஹர்ரக்கின் பழைய சந்துகளுக்குள்
எங்கள் வேன் நுழையாது.
ஒரு கையில் கருவிப்பெட்டி, தோளில் ஏணி.
எதிரே வந்த பூனைக்கு
நான்தான் ஒதுங்கி வழிவிட்டேன்.

ஆகஸ்ட். காலை ஏழரை.
காற்றைப் பிழிந்தால் ஒரு குடம் தேறும்.

வாசலில் செம்புப் பலகை:
நீரியல் அறிஞர் யாக்கூப் அல் துவைஹி
பிறந்து, வாழ்ந்து, இறந்த வீடு.
அவர் பெயரில் ஒரு சாலை இருக்கிறது.
அதில் தினமும் இரண்டு முறை
தூங்கிக்கொண்டே போய் வருகிறேன்.

சாவியோடு வந்த லுல்வா சொன்னாள்:
"செருப்போடு வரலாம். சுவரைத் தொடக் கூடாது."
தொட என்ன இருக்கிறது,
வடக்கு அறை முழுக்க உப்பு பூத்திருந்தது.
கடலில் பெயர்த்த பவளக்கல்.
நூறு வருடமாகத் தவணை முறையில்
உப்பைத் திருப்பிக் கட்டிக்கொண்டிருக்கிறது.

ஈரம் உறிஞ்சும் எந்திரம் மூலையில் நின்றுபோயிருந்தது.
அதன் பக்கத்தில் கண்ணாடிப் பேழை:
கால் உடைந்த மூக்குக்கண்ணாடி,
ஈயக்குண்டு கட்டிய கயிறு,
கார்க் அடைத்த குப்பிகள் நாற்பத்தொன்று.
எல்லாம் காலி.
ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு வெள்ளை வளையம்.

கேட்காமலேயே அவள் சொல்லத் தொடங்கினாள்,
பாதி இந்தியில், பாதி கைகளால்.
கடலுக்கு அடியில் நன்னீர் ஊற்றுகள் இருந்தன.
முத்துக் குளிப்பவர்கள் தோல்பையோடு மூழ்கி
உப்பின் அடியிலிருந்து குடிதண்ணீர் பிடித்து வருவார்கள்.
எங்கெங்கே என்று வரைபடம் போட்டவர் இவர்.
கருவி வாங்கக் காசு வருகிறவரை
இவர் கருவி நாக்குதான்.

படத்தில், இடுப்பளவுக் கடலில்,
கண்ணை மூடி நிற்கிறார்,
குழம்பில் உப்புப் பார்க்கிறவரைப் போல.

விரித்து வைத்திருந்த நோட்டில் எனக்கு
இரண்டே சொற்கள் புரிந்தன.
ஹிலு, இனிப்பு. டீக்கடையில் கற்றது.
மாலிஹ், உப்பு. கேம்ப் குழாயடியில் கற்றது.
முன்பக்கங்களில் ஹிலு, ஹிலு, ஹிலு,
நடுவில் ஒரு மாலிஹ், பிறகு இரண்டு.
கடைசிப் பக்கம் நடுங்கிய கையெழுத்து,
ஐந்து வரி.
ஐந்தும் ஒரே சொல்.

"கிணறுகள் கூடக் கூட" என்றாள் லுல்வா,
முடிக்கவில்லை.
போன் வந்தது, வெளியே போய்விட்டாள்.

மூடியைக் கழற்றினேன். பெரிய கோளாறு இல்லை.
மிதவை பாசி பிடித்து மேலே ஒட்டிக்கொண்டிருந்தது.
காலி வாளியை நிறைந்துவிட்டதாக நம்பி
பன்னிரண்டு நாளாகச் சும்மா நின்றிருக்கிறது.
துடைத்து, எண்ணெய் தொட்டு, ஓடவிட்டேன்.

இரண்டு மணி நேரம் சோதித்துப் பார்க்க வேண்டும்.
தரையில் உட்கார்ந்து
சொட்டு விழுவதைக் கேட்டேன்.
கேம்ப்பில் ஒரு கேன் நானூறு ஃபில்ஸ்.
ஆறு பேர், இரண்டு நாள்.
பல் துலக்குவது உப்பில்தான்.

வாளியில் இரண்டேகால் லிட்டர் சேர்ந்தது.
இந்த நீரைக் குடிக்கக் கூடாது என்று
கையேட்டில் கொட்டை எழுத்தில் இருக்கிறது.
குடிக்கவில்லை.
ஒரு விரல் நனைத்து நாக்கில் வைத்தேன்,
கண்ணை மூடியா என்று நினைவில்லை.

கொஞ்சம் தூசி. கொஞ்சம் அலுமினியம்.
வேறொன்றும் இல்லை.

விதிப்படி கழிவறையில் கொட்ட வேண்டும்.
முற்றத்து வாதுமைக் கன்றுக்கு ஊற்றினேன்.
மண் சத்தத்தோடு குடித்தது.

படிவத்தில் கோளாறு: மிதவை.
மாற்றிய பாகம்: இல்லை.
வெளியேற்றிய நீர்: 2.25.
குறிப்பு என்ற கட்டம் எப்போதும் காலியாகவே போகும்.
அன்று தமிழில் இரண்டு சொல் எழுதினேன்.

சாயங்காலம் சூப்பர்வைசர் ஜிஜோ கூப்பிட்டார்:
"எந்தா இது, கடைசிக் கட்டத்தில்?"

நல்ல தண்ணீர், என்றேன்.

"அதை எதற்கு எழுதினாய்?"

வேன் அப்போது
அவர் பெயருள்ள சாலையில் திரும்பிக்கொண்டிருந்தது.
சிக்னல் சரியில்லை என்று சொல்லி
போனை வைத்தேன்.