ஈரத்துக்குக் கழிவு

பெயிண்டர் யூசுப் கேட்டான்:
"மொதல்ல யாரு வரணும், மனுசனா நாயா?"
எழுத்துக்கு எட்டு ரூபாய். தகரம் சின்னது.
ஒரே வரியில் இரண்டு பேரும் அடங்கவில்லை.
நாயை மேலே போடு என்றேன்.
கோபித்துக்கொள்கிறவர் எப்படியும்
கதவைத் தட்டிக் கேட்க வருவார்.
வந்தவர் உட்காராமலா போவார்?

அரவேனுவில் எல்லாருக்கும் என்னைத் தெரியும்.
பத்தொன்பது வருடம் இலை நிறுத்தவள்.
கொக்கித் தராசு, சாக்கு, நீலக் குறிப்பேடு.
மழை நாளில் மூட்டைக்கு இரண்டு கிலோ
ஈரத்துக்குக் கழிவு.
வெயிலடித்தால் சாக்குக்கு ஒன்று.
கம்பெனி ரூல்தான்,
ஆனால் பென்சில் என் கையில் இருந்தது.

ஃபேக்டரி மூடியதும்
கோயம்புத்தூரில் ஆறு சனி, ஆறு ஞாயிறு.
ஹோலிஸ்டிக் என்றார்கள்.
வலிக்கிற இடத்தை மட்டும் பார்க்காதே,
ஆளை முழுசாகப் பார்.
நான் அதுவரை ஆளையே பார்த்ததில்லை,
முள்ளைத்தான் பார்த்திருந்தேன்.

கடைசி ஞாயிறு நாய்களுக்கு.
பதினோரு பேரில் ஏழு பேர்
அன்றைக்கு வரவே இல்லை.

ஜீப் டிரைவர் தவமணி கூட்டிவந்த ரொட்டி
சிறுத்தை தூக்கிப்போய்ப் பாதிவழியில் விட்ட நாய்.
கழுத்தில் முடி முளைக்காத நான்கு குழிகள்.
உறைபனிக் காலையில் பின்கால் இழுக்கும்.
தைலம் அதன் மூக்குக்கு ஆகாது,
எண்ணெய் தடவினால் நக்கிவிடும்.
வெறுங்கையை அடுப்பில் காட்டிச் சூடாக்கி
தரையில் உட்கார்ந்தேன்.
முதல் வாரம் முழுக்க
வாசலையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தது.

மனிதர்கள் மரியாதைக்குப்
"பரவால்ல" என்பார்கள்.
ரொட்டிக்கு அந்தப் பழக்கம் இல்லை.
ஒரு விரல் அழுத்தம் கூடினால்
எழுந்துபோய்விடும்.
பிறகு மனிதர்களையும் அப்படியே பிடித்தேன்:
அவர்கள் மூச்சைப் பிடித்தால்
என் கை நிற்கும்.

ஐப்பசி மழையில் செபஸ்தியம்மாள் வந்தாள்.
பெயர் சொல்லத் தேவையில்லை,
குறிப்பேட்டில் அவள் நாற்பத்தி ஏழாம் நம்பர்.
குப்புறப் படுத்தாள்.
வலத்தைவிட இடது தோள்
இரண்டு விரல் தாழ்ந்திருந்தது.
கழுத்து இறங்கும் இடத்தில்
நெல்லிக்காய் பருமனுக்கு ஒரு முடிச்சு,
சாக்கின் முழுப் பாரமும் வந்து உட்கார்ந்த இடம்.
கட்டைவிரல் அதைத் தொட்டதும்
துணிக்குள் புதைந்த முகம் கேட்டது:
"ரைட்டரம்மா,
இதுல ஈரத்துக்கு எத்தன கிலோ கழிப்பீங்க?"

நான் ஒன்றும் சொல்லவில்லை.
அவள் சிரித்தாளா என்னவோ,
முதுகு மட்டும் குலுங்கி அடங்கியது.
அந்த முடிச்சு இளக
எண்பது நிமிடம் ஆனது.
முழுக்க இளகியது என்றும் சொல்ல மாட்டேன்.

கட்டணம் இருநூறு.
நூற்றைம்பதை மேசைமேல் வைத்து
"மிச்சம் ஈரத்துக்கு" என்று
குடையை விரித்துக்கொண்டு போனாள்.
அடுத்த செவ்வாய்க்கிழமையும் அவள் பெயரில்
எழுதி வைத்திருக்கிறேன், பென்சிலால் இல்லை.

ரொட்டி அவள் ஈரச் செருப்புத் தடத்தை
மோந்து பார்த்துவிட்டு உள்ளே வந்தது.
இரண்டு சுற்று சுற்றிப் படுத்தது.
அன்றைக்குத்தான் முதல்முறையாக
வாசலுக்கு முதுகைக் காட்டிக்
கழுத்தை என் பக்கம் நீட்டியது.
நான்கு குழிகளும் விளக்கில் தெரிந்தன.

தொடவில்லை.
சூடு படும் தூரத்தில்
கையை வைத்திருந்தேன், அவ்வளவுதான்.
தகரப் பலகையில்
மழை கொட்டிக்கொண்டிருந்தது.