நானூற்றுப் பதினாறு

பகலில் மதிலுக்கு அப்பால் நெல் லாரி போனால்
கருவியின் மேசைக்குத் தெரிந்துவிடும்.
அதனால் இரவு ஒன்பதுக்கு மேல்தான்
ராமன் அறையின் சாவியை வாங்குகிறேன்.
பதிவேட்டில் பெயர்: மெஹருன்னிசா.
மாதிரி: உமிக்கரி, நீடாமங்கலம்.

முதலில் சிலிக்கன் சில்லு.
ஐந்நூற்று இருபதில் அது நிற்க வேண்டும்,
நிற்கிறது.
தஞ்சாவூரில் இந்நேரத்துக்குச்
சொன்ன இடத்தில் நிற்பது அது ஒன்றுதான்.
ஆட்டோக்காரர்கள் மன்னிக்க.

பிறகு கரி.
பச்சை லேசரை ஒரு விழுக்காட்டுக்குக் குறைக்கிறேன்,
கூட்டினால் கரியும் கருகும்.
போகிற ஒளியில் ஏறக்குறைய எல்லாமே
போன நிறத்திலேயே திரும்பி வருகிறது,
மனு கொடுக்கப் போய்
மனுவோடு திரும்புகிறவர்களைப் போல.
கோடியில் ஒன்றோ இரண்டோ
உள்ளே நடுங்கும் பிணைப்புக்குக் கொஞ்சம் கொடுத்துவிட்டு
சிவப்பின் பக்கம் சாய்ந்து வரும்.
அவற்றுக்காகத்தான் இத்தனை இருட்டு,
கதவில் ஒட்டிய கறுப்புத் துணி,
செல்பேசியைக் கவிழ்த்து வைப்பது.

மூணாறு தலைப்பில் வெண்ணாறு வந்து
கோரையாறு, பாமணியாறு என்று பிரிவதைப்
பஸ் தவறிய நாளொன்றில் பார்த்திருக்கிறேன்.
பெட்டிக்குள் கீற்றணி செய்வதும் அதுவே.
மதகு இல்லை, முறைப்பாசனம் இல்லை,
ஒவ்வொரு நிறத்துக்கும் அதன் வாய்க்கால்.
கடைமடைக்கும் கணக்கு உண்டு.

கரிக்கு இரண்டு மேடுகள்.
ஆயிரத்து ஐந்நூற்று எண்பதில் ஒழுங்கு,
ஆயிரத்து முந்நூற்று ஐம்பதில் குறை.
குறையை ஒழுங்கால் வகுத்தால்
கட்டுரைக்கு ஓர் எண்.
“ஆயிரத்திலிருந்து எடும்மா,
கீழே இருக்கிறதெல்லாம் குப்பை” என்றார் பேராசிரியர்.
எடுத்தேன், முப்பத்தொன்பது புள்ளிகள்.

நாற்பதாவதுக்குத் தூக்கக் கலக்கம்.
சில்லுக்கு வைத்த எல்லையை மாற்ற மறந்துவிட்டேன்.

நானூற்றுப் பதினாறில்
அறுத்த வயலில் மின்கம்பம் மாதிரி ஒரு முனை.
விண்ணிலிருந்து ஏதோ கதிர் விழுந்திருக்கும் என்று
மறுபடி எடுத்தேன்.
இடம் மாற்றி எடுத்தேன்.
இருநூற்று முப்பதில் அதன் தம்பியும் நின்றான்.

கிறிஸ்டோபலைட்.
பயிர் வேரால் உறிஞ்சி உமிக்கு ஏற்றிய சிலிக்கா
கொதிகலனின் ஆயிரம் டிகிரியில்
வரிசை கட்டி நின்றுவிட்டது.
கலைந்து கிடந்தவரை மூச்சுக்கு அவ்வளவு பகை இல்லை.
மூன்று வருடமாகக் கரியில் ஒழுங்கைத் தேடுகிறேன்;
இதில் ஒழுங்குதான் கேடு.

மாதிரியை அள்ளிக் கொடுத்தவர் வேதரத்தினம்,
மில்லில் பாய்லர் ஆள்.
வாயில் துண்டு, கையில் தகரச் சட்டி,
மருந்துக்கடைப் பையில் போட்டு முடிச்சிட்டு
“சாம்பல்தானே, காசு எதுக்கு” என்றார்.
அவர் இமைமுடியில் கூட என் மாதிரி இருந்தது.

காலையில் பேசினேன்.
கிராஃபை எப்படிச் சொல்வது?
எண்ணைச் சொன்னேன்.
“நானூத்திப் பதினாறா?
என் நாள்கூலியைவிட ஆறு ரூபா கூடுதல்” என்று
சிரித்தார்.
பிறகு கொஞ்ச நேரம் எதிர்முனையில்
பாய்லர் இரைச்சல் மட்டும்.
“துண்டை நனைச்சுக் கட்டினா தாங்குமா?”
தாங்காது என்றேன்.
எந்த முகமூடி, என்ன விலை,
மில்காரரிடம் யார் பேசுவது என்று
ஒவ்வொன்றாகக் கேட்டார்.
முதல் இரண்டுக்குத்தான் என்னிடம் பதில் இருந்தது.

பேராசிரியர் படத்தைப் பார்த்தார்.
“இது வேற கட்டுரை. இதில் வேண்டாம்.
வேணும்னா துணைத்தகவலில் போடு.”
அவர் கெட்டவர் இல்லை.
ஓய்வுக்கு இன்னும் பதினோரு மாதம் இருக்கிறது.

இன்றிரவும் சாவி என்னிடம்.
புதிதாக மூன்று பைகள் வந்திருக்கின்றன:
பாய்லர் வாசல், சாம்பல் குழி,
மூன்றாவதில் வேதரத்தினத்தின் துண்டு, மடித்து.
சில்லு ஐந்நூற்று இருபதில் நிற்கிறது.
படத்தின் இடது ஓரத்தை
நூறிலிருந்து தொடங்கியிருக்கிறேன்.