மணியும் நொய்யும்

ஹார்லிங்கனுக்கு வடக்கே, கடல்தடுப்பு மேட்டுக்கு இப்புறம்,
ஊர் கழுவிவிட்டதெல்லாம் வந்து சேரும் தொட்டி.
இன்று இரவுப் பணி யிட்ஸ்கெவுக்கு.

முகவையில் மொண்டு விளக்கடியில் பிடிக்கிறாள்.
வெந்து இறக்கிய ஜவ்வரிசி மாதிரி, ஆனால் பழுப்பு மஞ்சள்.
மழை விட்ட மண்ணின் வாசம்.
ஒவ்வொரு மணிக்குள்ளும் ஒரு குடியிருப்பு:
வெளித்தெருவில் காற்றைக் குடிப்பவை,
உள்ளறையில் காற்றே ஆகாதவை,
ஒன்றின் கழிவு இன்னொன்றின் இரை.

யாரும் இவற்றை உருட்டவில்லை.
அடியிலிருந்து குமிழ் ஏறுகிறது,
ஏறும் குமிழ் நீரை இழுக்கிறது,
இழுபட்ட நீர் ஒவ்வொரு மேனியையும்
உரசிக்கொண்டு போகிறது.
பிய்ந்துபோகாதிருக்க அவை பசை சுரக்கின்றன,
நெருக்கி உட்காருகின்றன,
நீட்டிய கையை மடக்கிக்கொள்கின்றன.
காற்று நின்றதும் கனத்தது அடியில் தங்கும்.
ஏழு நிமிடத்தில் இறங்காததை
வெளியே தள்ளிவிடும் அடைப்பான்.

நவம்பரில் மூன்றாம் ஊதியின் தாங்கி தேய்ந்துபோனது.
புதியது வர ஐந்து வாரம் என்றார்கள்.
தொட்டி மெல்ல மூச்சுவிட்டது.
மணிகளுக்கு மயிர் முளைத்தது.
நூல்நூலாய், பஞ்சுபஞ்சாய்,
இடிப்பார் இல்லாத சந்தையில்
ஆளுக்கொரு திசையில் கைநீட்டிக்கொண்டு.
முக்கால் மணி நேரமாகியும்
அளவுக் குடுவையில் கலங்கல் இறங்கவில்லை.

தாங்கி வந்த அன்று, விட்டதைப் பிடிக்கும் அவசரத்தில்
மூன்றையும் முழு வீச்சில் முடுக்கினார் டௌவே.
"அடிபட்டால்தான் உறுதி. என்னையே பாருங்களேன்."
மேலே நுரை திரண்டு விளிம்பு தாண்டியது.
மூன்றாம் நாள் முகவையில்
மணி இல்லை, நொய்.

யிட்ஸ்கெ ஒன்றும் சொல்லவில்லை.
ஒரு சொட்டைத் தகட்டில் வைத்து
உருப்பெருக்கியை அவர் பக்கம் திருப்பினாள்.
விளிம்பு பிளந்திருந்தது. உள்ளறை திறந்து,
காற்று ஆகாதவை காற்றில் கிடந்தன.
வெகுநேரம் குனிந்திருந்தார் டௌவே.
நிமிர்ந்தவர், கழற்றி வைத்த மூக்குக்கண்ணாடியை
எடுக்க மறந்தே வீட்டுக்குப் போனார்.

இப்போது மார்ச்.
திருகை அவள் நகர்த்துவது நகக்கண் அளவு.
அறுபது. அறுபத்திரண்டு. திரும்ப அறுபத்தொன்று.
குறிப்பேட்டில் காரணம் எழுதும் கட்டத்தில்
"கேட்டுப் பார்த்தேன்" என்று எழுதியிருக்கிறாள்.
மேலாளர் அதன் கீழே ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறார்.
குடுவையில் மணிகள்
மணல் கொட்டுவது போல இறங்குகின்றன.

விடியலில், மேட்டின்மேல் சைக்கிள்.
வடமேற்குக் காற்று நேராக முகத்தில்.
முதல் பாலம்வரை பல்லைக் கடித்து மிதிக்கிறாள்.
அதற்கப்புறம் இறங்கி,
தள்ளிக்கொண்டு நடக்கிறாள்.