பேபி ஆஃப் பியூலா

கேட் போட்டிருந்தார்கள்.
கொருக்குப்பேட்டையில் கேட் போட்டால்
ஆண்டவனே வந்தாலும் நிற்கத்தான் வேண்டும்.
ஆட்டோவில், என் மடியில்,
ஐந்து நாள் பிள்ளை கொதிக்கிறாள்.
டில்லிபாபு இறங்கி வேகன் எண்ணினான்.
நாற்பத்தொன்று.
எதற்கு எண்ணினாய் என்று
இன்றுவரை நான் கேட்கவில்லை.

பிரசவத்துக்கு முந்தின நாள் எனக்குக் காய்ச்சல்.
இடுப்பைவிடக் கணுக்கால்தான் வலித்தது.
யாரிடம் சொல்ல?
பெறப்போகிறவளுக்கு
எல்லா வலியும் ஒரே வலி.

பெரிய பெயர் எதுவும் இல்லை, சிக்குன்குனியாதான்.
"அதுவா, மூட்டு வலிக்கும், பூடும்" என்று
தெருவே உதறிவிட்ட நோய்.
டாக்டர் ஃபர்ஸானா, சின்னப் பெண்,
கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு சொன்னாள்:
"கொசு பாப்பாவைக் கடிக்கலம்மா. உங்களைத்தான்."
மீதியை அவள் சொல்லவில்லை.

வாசலில் மூன்று நீல டிரம்.
தண்ணி லாரி வரும் நாளில்தான் அவை நிறையும்.
மாநகராட்சி ஆள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு
சுவரில் சாக்பீஸால் தேதி போட்டுப் போனார்.
அந்தத் தேதிக்கு ஏழாம் நாள் இவள்.
மூடி உடைந்தது தீபாவளிக்கு முன்னால்.
நூற்றிருபது ரூபாய்.
நாளைக்கு வாங்கலாம் என்றேன்.
எத்தனை நாளைக்கு.

ராயபுரம் ஆஸ்பத்திரி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள்.
காலில் பிளாஸ்திரி, அதில் பேனாவால்
பேபி ஆஃப் பியூலா.
பெயர் வைக்காத பிள்ளைக்கு ஃபிட்ஸ் வந்தால்
எதைச் சொல்லிக் கூப்பிடுவது?
சிஸ்டர் சகாயமேரி
"ஏய் குட்டி, ஏய் குட்டி" என்கிறாள்.

மூன்று மணிக்கு ஒரு தரம் பால் பீய்ச்ச வேண்டும்.
எனக்கு விரல் மடங்கவில்லை.
மணிக்கட்டால் அழுத்தி, பல்லைக் கடித்து
ஸ்டீல் கிண்ணத்தில் எட்டு மில்லி.
என்னிடமிருந்து அவளுக்குப் போனதில்
நான் அறிந்து கொடுத்தது அது ஒன்றுதான்.

ஒன்பதாம் நாள் காய்ச்சல் விட்டது.
மூக்கு நுனி மட்டும் கறுத்திருந்தது,
மை தொட்டு வைத்தாற்போல.
"திருஷ்டிப் பொட்டு அவளே வெச்சிக்கினா பாரு"
என்றான் டில்லிபாபு.
சிரிக்கத்தான் சொன்னான். பாதியில் நின்றுவிட்டான்.
கறுப்பு சில மாதத்தில் போய்விடுமாம்.
தலைக்குள் என்ன ஆனது என்பது
உட்காரும்போது, நடக்கும்போது, பேசும்போது
கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தெரியுமாம்.
மறுபடி வரவேண்டிய தேதிகள்
சீட்டு நிறைய.

வீடு திரும்பும்போதும் கேட்.
சரக்கு ரயில் ஊதியது.
அவள் திடுக்கிட்டு
இரண்டு கையையும் விரித்தாள், மூடினாள்.
ஃபிட்ஸா?
இல்லை, சத்தத்துக்கு. சத்தத்துக்குத்தான்.
இன்னொரு தரம் ஊது என்று
ரயிலைக் கேட்டுக்கொண்டு நின்றேன்.