உப்புத்தாள்

பெயிண்டர் வந்தார். முட்டியால் சுவரைத் தட்டினார்.
பட்டி, பிரைமர், ரெண்டு கோட்டு, கூலி,
டீ செலவு தனி என்று
ஒரு தொகை சொன்னார்.
அந்தத் தொகைக்கு ஏற்கெனவே
வேறு வேறு பெயர்கள் வைத்திருந்தேன்.
தலையாட்டி அனுப்பினேன்.

வாலிநோக்கத்தில் கட்டின வீடு.
மணலில் உப்பு, குழைத்த தண்ணீரில் உப்பு,
கொத்தனார் சிந்தியதைக் கணக்கில் சேர்க்கவில்லை.
வருஷத்துக்கு ஒருமுறை இடுப்புயரம் வரை
சுவர் பூக்கும்.
ஊதினால் பறக்கும் வெள்ளை மாவு.
ஒருநாள் நாக்கில் வைத்துப் பார்த்தேன்.
குழம்புக்குப் போடலாம்.

சாயல்குடிக்கு பஸ் ஏறினேன்.
"எத்தனை சதுர அடி?"
"பீரோவை நகர்த்த முடியாது, அதைக் கழிச்சுக்குங்க."
கடைக்காரர் சிரிக்காமல் கழித்தார்.
உப்புத்தாள் ஆறு வாங்கினேன்.
இந்தப் பெயரை வைத்தவர்
எங்கள் ஊர்ச் சுவரைத் தடவிப் பார்த்திருக்க வேண்டும்.

கலர் மட்டும் மச்சானின் விருப்பம்.
பஹ்ரைனில் லாஞ்சு கரையில் கிடந்த வெள்ளிக்கிழமை
அட்டையிலிருந்த சதுரங்களை
போனில் ஒவ்வொன்றாய்க் காட்டச் சொல்லி
"அதுதான், அந்தப் பச்சை" என்றார்.
என் விரல் இருந்தது நீலத்தின் மேல்.
"நல்லாப் பாருங்க மச்சான்."
"பார்த்துட்டேன். பச்சை."
சிக்னல் அறுந்தது.
நீலத்தையே கலக்கச் சொன்னேன்.

மூக்கை முந்தானையால் கட்டிக்கொண்டு தேய்த்தேன்.
புருவத்தில் உப்பு, இமையில் உப்பு.
மகள் சபூரா என்னைப் பார்த்து
வயசாயிருச்சு உம்மா என்றாள்.
மீன்பெட்டி ரெண்டை அடுக்கி ஏறினேன்,
அவள் பிடித்துக்கொண்டாள்.
உத்தரத்துக்குக் கீழே பிரஷ் போன வழியைப் பார்த்து
"கோடு அலை மாதிரி ஆடுது."
ஆடட்டும்.
ஜன்னலுக்கு வெளியே எது நேராய் நிற்கிறது?

பீரோவை ஒட்டிய சுவரில்தான்
எங்கள் கணக்கு வழக்கெல்லாம்.
தண்ணி வண்டி வந்த நாட்கள், குச்சி குச்சியாய்.
கேஸ்காரர் நம்பர்.
யாரோ, எதற்கோ, "சனிக்கிழமை".
பென்சிலில் எழுதியது அத்தனையும் ஒரே கோட்டில் போனது.
நீலப் பேனாவில் இருந்தது ஒன்று:
ஏஜென்ட் 1,40,000.
அடித்து, கழித்து, அடித்து, கழித்து
அதற்குக் கீழே ஒரு ஏணி.

பிரைமரில் மறைந்தது.
அடுப்படிக்குப் போய் டீயோடு திரும்பினால்
ஒரு ஒன்று வந்து நிற்கிறது.
பின்னாலேயே நான்கு.
பூஜ்யங்கள் மெதுவாக,
அழைக்காத விருந்தாளிகள் செருப்பைக் கழற்றுவதுபோல.
அடைத்து முடித்த கடன்தான்.
ரெண்டு நோன்புக்கு முன்பே அடைத்தாயிற்று.
சுவருக்கு யாரும் சொல்லவில்லை போல.

அந்த ஒரு சாணுக்கு மட்டும் மூன்று கோட்டு, நான்கு.
இப்போது அங்கே சுவர் கொஞ்சம் தடிப்பு.
லைட்டைப் போட்டுப் பக்கவாட்டில் பார்த்தால் தெரியும்.
நேரே நின்றால்
நீலம், அவ்வளவுதான்.

கடல்காற்றில் எதுவும் சீக்கிரம் காய்வதில்லை.
ரெண்டு ராத்திரி பாயை நடுவீட்டில் போட்டு
சுவரைத் தொடாமல் தூங்கினோம்,
புதுச் சம்பந்தி வீட்டில் தூங்குகிற மாதிரி.
நகக்கண்ணில் நீலத்தோடு சோறு பிசைந்தேன்.

வெள்ளிக்கிழமை போனைத் திருப்பி
நாலு பக்கமும் காட்டினேன்.
மச்சான் ரொம்ப நேரம் பேசவில்லை.
பிறகு,
"பார்த்தியா, பச்சைதான் எடுப்பா இருக்குன்னு சொன்னேன்ல."
சபூரா வாயைத் திறந்தாள்.
அவள் காலை மிதித்தேன்.

அங்கே ஒரு பச்சை வீடு இருக்கிறது அவருக்கு.
இன்னும் ஒரு வருஷம் நாலு மாசம்
அதில் இருந்துகொள்ளட்டும்.
கதவைத் திறந்து உள்ளே வருகிற அன்று
பேசிக்கொள்ளலாம்.

பீரோவுக்குப் பின்னால் பழைய ரோஸ்
ஆள் உயரத்துக்கு அப்படியே நிற்கிறது.
மிச்ச பெயிண்டை மூடிக் கட்டிலடியில் தள்ளினேன்.
ஐப்பசி மழைக்கு மறுபடி பூக்கும்.
உப்புத்தாள் ரெண்டு பாக்கி.