ஒரு ஹயர், உப்புவெளி வரை

கோட்டை வாசலில் ஏறினார்கள்.
கணவன், மனைவி,
செருப்பைக் கையில் வைத்திருந்த பையன்.
"உப்புவெளி ஓட்டல். எவ்ளோ?"
எவ்ளோ என்றதிலேயே பிடிபட்டுவிட்டது எனக்கு.
ஆயிரம் என்றேன்.
அவர் போனைத் தட்டி இந்திய ரூபாய்க்கு மாற்றிப் பார்த்து
தொள்ளாயிரம் என்றார்.
அதற்குள் ஒரு மான் வந்து
பின்சீட்டை மோந்துவிட்டு
வாழைப்பழத் தோலோடு போனது.
"அப்பா, ரோட்ல மான்!"
இந்த ஊரில் மாட்டின் வேலையையும்
மான்தான் பார்க்கிறது தம்பி.

"நாங்க திருச்சி," என்றார் அந்த அக்கா.
"வந்திருக்கீங்களா?"
"இல்லை," என்றேன்.

மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் பஸ் ஒன்று மறித்தது.

கொட்டப்பட்டு முகாமில்
எங்கள் கூரைக்கு மேலால் விமானம் இறங்கும்.
தகரம் நடுங்கும், தட்டில் பருப்புத் தண்ணி நடுங்கும்.
"கொழும்பிலிருந்து வருது," என்பான் நிக்சன்.
எல்லாவற்றுக்கும் அதையே சொல்வான்,
சிங்கப்பூரிலிருந்து வந்ததற்கும்.

"சேர், இவன் என்னோட கதைக்கிறான்,"
என்று முறையிட்ட அன்று
ஆறாம் வகுப்பு முழுவதும் சிரித்தது.
மறுநாள் தொடக்கம் பேசினேன்.
பதினெட்டு வருஷம் பேசினேன்.

"மலைக்கோட்டை பாக்கணும் நீங்க,
மேல நின்னா ஊரே தெரியும்."
அது பொய்யில்லை அக்கா, பார்த்ததில்லை.
ஆறு மணிக்கு முகாமில் செக்கிங்.
பாதிப் படியில்
யாராவது ஒருவரிடம் நேரம் கேட்பேன்,
திரும்பி ஓடுவேன்.
எத்தனை தரம் ஏறியும் பாதிதான்.
கோணேசர் மலைக்கு இப்போது
நாளுக்கு நாலு தரம் போகிறேன்,
ஒருவரும் எண்ணுவதில்லை.

பிறகு பெயின்ட் வாளி.
பீளமேட்டில் பதின்மூன்று மாடி,
வேளச்சேரியில் வெள்ளக்கோடு தெரிந்த சுவர்கள்,
மொழி விளங்காத பெங்களூரில்
ஒரு டொக்டரின் வீடு, எல்லா அறையும் சாம்பல் நிறம்.
ஊர்களின் தெருக்களை மறந்துபோனேன்.
படிக்கட்டில் பட்டி காய்கிற வாசனை
மறக்கவில்லை.
அந்த வீடுகளில்
பால் காய்ச்ச முன்னமே
முதல் இரவு படுத்தவன் நான்,
சிமெந்துப் பையை விரித்து.
யாருடைய கட்டிலோ வரப்போகிற இடத்தில்
நல்ல நித்திரை.

திரும்பி வந்த பிறகு
ஸ்டாண்டில் என் பெயர் இந்தியாக்காரன்.
"இந்தியாக்காரன், ஹயர் ஒண்டு நிக்குது!"
போவேன்.
மூன்றாம் கட்டை தாண்டியதும் கடல் காற்று உள்ளே வந்தது.
அந்த அக்கா நெற்றி முடியை ஒதுக்கிக்கொண்டு
காவிரியில் இந்த வருஷம் தண்ணி பரவாயில்லை என்றார்,
எனக்கா, கணவருக்கா, தெரியவில்லை.
பாலத்தடியில் நாங்கள் குளித்த படித்துறையில்
எத்தனை படி மூழ்கியிருக்கும் என்று
கேட்க வாயெடுத்தேன்.
கியர் மாற்றினேன்.

ஓட்டல் வாசலில் கான் உடைந்து கிடந்தது.
"பாத்து எறங்குங்க, அந்தப் பக்கம் பள்ளமா இருக்கு."
சொன்ன பிறகுதான் எனக்கே கேட்டது.

அவர் ஒரு காலை வெளியே வைத்தபடி நின்றுவிட்டார்.
"அட, நம்ம ஊர்க்காரர் மாதிரியே பேசுறீங்களே!"

"படம் பாக்கிறதுதான் அக்கா."

ஆயிரம் ரூபாய்த் தாள் தந்தார் கணவர்.
மிச்சம் நூறை, இரண்டு இருபதும் மூன்று பத்துமாக,
மீதியைச் சில்லறையாகக் கொடுத்தேன்.
ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார்.
சரியாக இருந்தது.